சீட்டைப் பார்க்காமல் ஆடியவள்

போக்கர் தெரியாதவரோடு போக்கர் ஆடுவதைப் போல எரிச்சலான வேலை உலகத்தில் வேறு கிடையாது. ஆடத் தெரிந்தவரிடம் தோற்றால் மரியாதையாகத் தோற்கலாம். தெரியாதவரிடம் தோற்றால், எப்படி ஜெயித்தோம் என்று அவருக்கும் தெரியாது, எப்படித் தோற்றோம் என்று நமக்கும் தெரியாது. நான் மைசூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். திங்கள் முதல் சனி வரை அது தெரியாதவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அதே தலைவலி என்றால் கோபம் வருமா, வராதா?

எங்கள் ஆட்டம் சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நடக்கும். ஞாயிறன்று கிளினிக் விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேஜையைப் போட்டுக்கொண்டு, காலைப் பலகாரம் முடிந்த கையோடு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்போம். காசு வைத்து ஆடுவதில்லை. பிளாஸ்டிக் காயின்கள்தான். கடைசியில் யாரிடம் காயின் குறைவோ அவர் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கித் தரவேண்டும், அவ்வளவே.

நாங்கள் நான்கு பேர். பல் டாக்டர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மைசூரில் இருப்பது, வீட்டில் தமிழ். இரண்டாமவர் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். அடுத்தது நான். நான்காமவர் ஹெப்பாள் பக்கம் ஒரு ஃபேக்டரியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர். எங்கள் பேட்டைத் தமிழர் சங்க நாடகத்தில் வருடம் தவறாமல் வேஷம் கட்டுவார். அதனால் எங்களுக்கு அவர் நாடகக்காரர்.

அந்த அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பல் செட் கட்ட அளவெடுத்த வெள்ளை பிளாஸ்டர் தாடைகள் அதில் வரிசையாக இருக்கும், எல்லாம் வாயைத் திறந்தபடி. நாடகக்காரர் வந்து உட்கார்ந்ததும், "உங்க ரசிகர்கள் எல்லாம் வந்தாச்சு, ஆரம்பிங்க" என்று கேலி செய்வோம். அவரும் எழுந்து நின்று அலமாரிக்கு ஒரு கும்பிடு போடுவார்.

ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, ரகசியம். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. அவை கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காயின் வைக்கலாம். ஒருவர் வைத்ததற்குச் சமமாக நாமும் வைத்தால் ஆட்டத்தில் இருக்கலாம். முடியாதென்றால் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு விலகலாம். எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவர் கையில் வெறும் குப்பை இருந்தாலும் அவருக்கே வெற்றி, யாருக்கும் காட்டவேண்டியதில்லை. ஆனால் கடைசி வரை ஒருவராவது சமமாக வைத்துவிட்டால் சீட்டைத் திருப்பிக் காட்டியே ஆகவேண்டும். பொய் சொல்வதற்கென்றே செய்த விளையாட்டு.

ஆடத் தெரியாதவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு ஆட்டத்திலிருந்தும் விலக மனசு வராது. "வெச்சுதான் பாப்போமே" என்று எல்லாவற்றுக்கும் வைப்பார். நடுச்சீட்டு திறந்ததும் தன் சீட்டை மறுபடி எடுத்துப் பார்ப்பார், அதற்குள் மாறியிருக்குமோ என்று. எல்லாவற்றையும்விட முக்கியம், நடிப்பார். கையில் ஒன்றும் இல்லையென்றால் நிமிர்ந்து உட்கார்ந்து காயினை வீசி எறிவார். நல்ல சீட்டு வந்துவிட்டால் உலகமே இடிந்து தலையில் விழுந்த மாதிரி உட்காருவார். அவர் சோர்ந்தால் நாம் ஓடவேண்டும், அவர் துள்ளினால் நாம் துணிந்து நிற்கவேண்டும். இவ்வளவுதான் சூத்திரம்.

நாடகக்காரர் விஷயத்தில் இதை முதலில் கண்டுபிடித்தது நான். கையில் ராஜா ஜோடியோ ஏஸ் ஜோடியோ வந்தால் போதும், மனுஷன் நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். நெஞ்சைத் தடவிக்கொள்வார். "இன்னிக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்குப்பா, முடியல" என்பார். நான் மற்ற இருவருக்கும் கண்ணைக் காட்டுவேன். மூன்று பேரும் படக்கென்று சீட்டைக் கவிழ்த்துவிடுவோம். அருமையான சீட்டை வைத்துக்கொண்டு அஞ்சாறு காயினை வாரிக்கொண்டு, "அதெப்படி எல்லாரும் கரெக்டா ஓடிடறீங்க?" என்று பரிதாபமாகக் கேட்பார். "அதெல்லாம் சாமி வந்து காதுல சொல்றதுங்க" என்பார் ஹனூர்க்காரர். நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவரிடம் அவர் தப்பைச் சொல்லக்கூடாது என்பது இதில் பாலபாடம். சொன்னால் திருத்திக்கொண்டுவிடுவார், அப்புறம் நமக்கு என்ன லாபம்?

ஒரு ஞாயிறு, பரீட்சைப் பேப்பர் திருத்த நான் பெங்களூர் போயிருந்தபோது, அவர் அந்த மேஜையிலேயே இறந்துபோனார். ஐம்பதுகூட ஆகவில்லை. பஸ் பிடித்து ஓடிவந்தேன். வீட்டு ஹாலில் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் அவள் எதிரில் குந்தியிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "சிரிச்சுக்கிட்டேதாம்மா இருந்தாரு. ஒண்ணுமே சொல்லல. வலின்னு ஒரு வார்த்தை இல்ல. சீட்டக் கையில வெச்சிருக்கும்போதே தலை சாஞ்சிருச்சு." ஹனூர்க்காரரும் தலையாட்டினார். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். கொடுத்துவைத்த சாவு என்று எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. அவள் அழவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து நாங்கள் மூவரும் மறுபடி கூடினோம். ஆட மனசில்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. யாரோ அவசரப் பல்வலி என்று நினைத்து டாக்டர் எழுந்து போனார். குனிந்து உள்ளே வந்தது அவள். கையில் எங்கள் காயின் பெட்டி. அதை வாராவாரம் நாடகக்காரர்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார். அன்றும் அது அவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போயிருந்தது.

"இது உங்களுதுதானே, வாங்கிக்கோங்க" என்று மேஜைமேல் வைத்தாள். சரி, போய்விடுவாள் என்று பார்த்தால், அவர் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எனக்கும் சீட்டுப் போடுங்க."

"உனக்கு ஆடத் தெரியுமாம்மா?" என்றேன்.

"தெரியாதுக்கா. வைக்கறது, காட்டச் சொல்றது. அவ்வளவுதானே?"

ஹனூர்க்காரர் சீட்டைப் போட்டார்.

அன்றிலிருந்து வாராவாரம் வந்தாள். முதல் ஆட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மேஜையில் இதுவரை உட்கார்ந்தவர்களிலேயே ஆடத் தெரியாதவள் இவள்தான் என்று. ஒரு ஆட்டத்திலும் விலகவில்லை. யார் எவ்வளவு வைத்தாலும் சமமாக வைத்தாள். ஒருதரம்கூடத் தானாகக் கூட்டி வைக்கவில்லை. கடைசியில் "காட்டுங்க" என்பாள், அவ்வளவுதான். குப்பையை வைத்துக்கொண்டு பொய்யாட்டம் ஆடினால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் இவள் விலகவே மாட்டாள். இப்படிப்பட்டவர்களைச் சமாளிக்க ஒரே வழிதான்: பொய்யை மூட்டைகட்டி வைத்துவிட்டு, நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் நிறைய வைக்கவேண்டும். அவள் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். நான் அப்படித்தான் ஆடினேன். ஆண்கள் இருவருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. ஆடத் தெரியாத ஒருத்தியை ஏமாற்ற முடியவில்லையே என்ற ரோஷம் வேறு. மறுபடி மறுபடி பொய்யாட்டம் ஆடி, மறுபடி மறுபடி அவள் முன்னால் சீட்டைத் திருப்பிக் காட்டினார்கள். அப்படியும் மொத்தத்தில் தோற்றது அவள்தான். தோசை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அள்ளி வைத்தேன். அவளும் வைத்துக்கொண்டே வந்தாள். திருப்பினால் அவள் கையில் ஏழும் இரண்டும். இந்த ஆட்டத்தில் அதைவிடக் குப்பையான சீட்டே கிடையாது. ஆனால் நடுவிலும் ஒரு ஏழு, ஒரு இரண்டு. அவளுடைய இரண்டு ஜோடிக்கு முன்னால் என் ஒற்றை ஏஸ் ஜோடி போச்சு. எனக்கு வந்ததே கோபம்!

"எந்தத் தைரியத்துலம்மா ஏழையும் ரெண்டையும் வெச்சுக்கிட்டுக் கடைசிவரைக்கும் வந்த?"

அவள் குனிந்து தன் சீட்டைப் பார்த்தாள். "ஏழா? ஹௌதா?" என்றாள் கன்னடத்தில், அப்படியா என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. அன்று மட்டுமல்ல. யோசித்துப் பார்த்தால், வந்த நாளிலிருந்தே அந்த இரண்டு சீட்டும் அவள் முன்னால் கவிழ்ந்தபடியேதான் கிடந்திருக்கின்றன. கடைசியில் யாராவது எடுத்துத் திருப்பினால் உண்டு. எனக்கு முதுகில் சில்லென்றது.

சீட்டைப் பார்க்காதவள் வேறு எதைப் பார்க்கிறாள்? அதற்குப் பிறகு நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளைக் கவனித்தேன். முகங்களைப் பார்த்தாள். டாக்டர் காயின் வைக்கும்போது டாக்டரை. ஹனூர்க்காரர் வைக்கும்போது அவரை. கண்ணைச் சிமிட்டாமல், கோபமும் இல்லாமல் துக்கமும் இல்லாமல், அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்த்தாள். "காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, திருப்பிய சீட்டு பொய்யா நிஜமா என்று ஒரு பார்வை. உடனே மறுபடி முகத்துக்கு. அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அத்தனை தாடைகளும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எத்தனையோ வருடமாகப் பார்த்துச் சிரித்த சாமான்கள். இப்போது அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

ஆண்களுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஹனூர்க்காரர் மாதேஸ்வரன் மலை விபூதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். "அக்கா, அந்தம்மா நாற்காலில உக்காந்ததும் ரூமே ஜில்லுன்னு ஆவுதுங்க" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "சும்மா இருங்க, ஃபேனுக்குக் கீழ உக்காந்தா ஜில்லுனுதான் இருக்கும்" என்று அதட்டினேன். ஆனால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. டாக்டர் இளைத்துப்போயிருந்தார். சனிக்கிழமை ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை என்றார்.

ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து கிளம்பும்போது, "நான் குவெம்புநகர்தான் போறேன், வா, இறக்கிவிடறேன்" என்று அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். எப்படியாவது நல்லவிதமாகச் சொல்லி வரவேண்டாம் என்று நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு. குக்கரஹள்ளி ஏரியோரம் மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன்.

"பாரும்மா, இந்த ஆட்டம் உனக்கு ஒத்துவராது. சும்மா தோத்துக்கிட்டே இருக்க. எதுக்கு இது?"

அவள் ஏரியைப் பார்த்தபடி சொன்னாள். "டாக்டர் அண்ணா பொய்யாட்டம் ஆடறப்ப எச்சி முழுங்க மாட்டார்க்கா. தொண்டை அப்படியே நின்னுரும். ஹனூர் அண்ணா பொய்யாட்டம்னா ரொம்ப மரியாதையா பேசுவார். ஒரு 'ங்க' போடற இடத்துல மூணு போடுவார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹனூர்க்காரர் விஷயம் எனக்கும் தெரியும். கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. டாக்டரின் தொண்டை எனக்கே தெரியாது. இத்தனை நாள் அவரோடு ஆடியும் நான் அதைப் பார்த்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இவளையா ஆடத் தெரியாதவள் என்றேன்?

"இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போற? ஜெயிக்கணும்னுகூட நீ ஆடலையே."

"உங்களோடதுதான் எனக்குப் பிடிபடல" என்றாள். "நீங்க என்கிட்டப் பொய்யாட்டமே ஆடறதில்லையே."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஏரியைச் சுற்றி ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பட்டப்பகலில், ஒரு விதவைப் பெண்ணை ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வழியெல்லாம் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வேண்டுமென்றே கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் எங்களுக்கு முன்னாலேயே வந்து ஷட்டர் வாசலில் நின்றிருந்தாள். ஆட்டம் ஆரம்பித்தது. டாக்டர் பொய்யாட்டம் ஆடினார், அவள் வைத்தாள், "காட்டுங்க" என்றாள், அவர் குப்பையைக் காட்டினார். எப்போதும் நடப்பதுதான். ஹனூர்க்காரர் கலைத்து அடுத்த சீட்டுப் போட்டார். நாங்கள் மூவரும் சீட்டைக் கையில் எடுத்தோம். அவளுடையது வழக்கம் போலக் கவிழ்ந்து கிடந்தது.

"டாக்டர் அண்ணா" என்றாள். "அன்னிக்கு அவர் வலிக்குதுன்னு சொன்னாரா?"

டாக்டர் கையிலிருந்த சீட்டை விரித்து, மறுபடி சேர்த்தார்.

"இல்லம்மா. நான்தான் சொன்னேனே. சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. ஒண்ணுமே சொல்லல" என்றார் டாக்டர்.

"ஹனூர் அண்ணா?"

"ஐயோ, இல்லீங்கம்மா. ஒண்ணுஞ் சொல்லலீங்க. சத்தியமாத்தானுங்க. நல்லாத்தான் இருந்தாருங்க."

நான் டாக்டரின் தொண்டையைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எச்சிலை விழுங்காமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளிடம் சொன்ன பொய்யைத்தான் என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள் என்று.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க அன்னிக்கு ஊர்ல இல்ல. உங்களுக்கு இவங்களத் தெரியும். நீங்க சொல்லுங்க. டாக்டர் அண்ணா இப்ப ஆடறது நிஜ ஆட்டமா, பொய்யாட்டமா?"

என்ன சொல்வேன்? அவர் வலியில் துடித்திருந்தால் அதை இவள் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? போனவர் வரப்போவதில்லை. சிரித்துக்கொண்டே போனார் என்பது இருந்துவிட்டுப் போகட்டுமே, இருக்கிறவள் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்றுதான் தோன்றியது. நிஜ ஆட்டம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவளே பேசினாள். குரல் ஏறவில்லை.

"அன்னிக்குக் காலையில என்கிட்டச் சொன்னார்க்கா. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னார். மார்க்கெட்டுக்குப் போகச் சொல்லியிருந்தேன். போகாம இருக்க சாக்கு சொல்றார்னு நெனச்சேன். எப்பவும் அப்படித்தானே பண்ணுவார். 'உங்க நாடகத்தையெல்லாம் சங்கத்தோட வெச்சுக்கோங்க, இனி ஒரு தடவ நெஞ்சு கிஞ்சுன்னு வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க'ன்னு கத்திட்டேன். ஒண்ணும் பேசாம காயின் பெட்டியை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டார். இங்கயும் ஒண்ணுமே சொல்லலன்னா, அது என்னாலதானே? வலிக்க வலிக்கச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்னா, நான் வாயைத் திறக்காதேன்னு சொன்னதுக்காகத்தானே? எனக்கு அது ஒண்ணு தெரியணும். சும்மா கேட்டா நீங்க மறுபடி அதையேதான் சொல்வீங்க. எப்ப நம்பலாம், எப்ப நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேக்கலாம்னுதான் வந்தேன்."

அடப்பாவிகளா! ஆறுதல் என்று நினைத்து நாங்கள் கொடுத்ததை வைத்துக்கொண்டா இவள் இத்தனை நாளும் செத்துக்கொண்டிருந்தாள்? 'ஒண்ணுமே சொல்லல' என்று டாக்டர் சொன்ன ஒவ்வொரு தடவையும் இவளுக்கு எப்படி இருந்திருக்கும்? டாக்டர்மேல் வந்த கோபத்தில் மேஜையைத் தட்டினேன்.

"டாக்டர், திருப்புங்க. இருக்கறத அப்படியே சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது.

"சொன்னாரும்மா" என்றார். "ரெண்டு தடவ சொன்னாரு. மொதல்ல, ஒரு மாதிரியா இருக்குன்னாரு. நெஞ்சைத் தடவினாரு. பெருமூச்சு விட்டாரு. அவருக்கு நல்ல சீட்டு வந்தா அப்படித்தாம்மா பண்ணுவாரு. ஏதோ பெரிய சீட்டுன்னு நெனச்சு நாங்க ரெண்டு பேரும் கவுத்துட்டோம். நான் சிரிச்சேன்கூட."

"நான்தான் காயினை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்" என்றார் ஹனூர்க்காரர். "அடுத்த சீட்டுப் போட்டேன். 'முடியலப்பா, நெஜமாத்தான்'னாரு. போட்ட சீட்ட எடுக்கல. ரெண்டாவது தடவையும் நல்ல சீட்டு வந்திருச்சு பாருன்னு நெனச்சு மறுபடியும் கவுத்துட்டோம்." இப்போது அவர் வாயில் ஒரு 'ங்க' கூட இல்லை.

"தினம் வலின்னு வர்றவங்களப் பாக்கற தொழில்மா எனக்கு" என்றார் டாக்டர்.

நான் அவளைப் பார்க்கப் பயந்துபோய் மேஜையைப் பார்த்தேன். அவர் சீட்டை எடுக்கவே இல்லை என்கிறார்கள். எடுத்துப் பார்க்காத சீட்டுக்கு எப்படி நடிப்பார்? இந்தச் சின்ன விஷயம்கூடவா இரண்டு பேருக்கும் தோன்றவில்லை? நான் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்டுக்கொண்டேன்.

"எப்படிச் சொன்னார்?" என்றாள் அவள். "டாக்டர் அண்ணா, அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க."

"வேண்டாம்மா."

"காட்டுங்க."

டாக்டர் கையை நெஞ்சில் வைத்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். பல வருடம் எதிரில் உட்கார்ந்து கேட்ட மூச்சு. அச்சு அசலாக வந்தது. "ஒரு மாதிரியா இருக்குப்பா. முடியல." டாக்டர் குரலே இல்லை அது. கண்ணை மூடியிருந்தால் நாடகக்காரர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று சத்தியம் செய்திருப்பேன். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. கீழே பார்த்தேன். என் கையிலிருந்த இரண்டு சீட்டையும் என் விரல்கள் கவிழ்த்து வைத்திருந்தன. நான் வைக்கவில்லை, அவையாகவே வைத்திருந்தன. ஹனூர்க்காரர் முன்னாலும் இரண்டு சீட்டு கவிழ்ந்து கிடந்தது. அவரும் அதைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எங்கள் கைகளைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அத்தனை வாரத்தில் முதல்முறையாகக் கண்ணைச் சிமிட்டினாள். "அப்பாடா" என்றாள். "சொல்லியிருக்கார். நான் கத்தினதையெல்லாம் அவர் மனசுல வெச்சுக்கல. சொல்லியிருக்கார்." சிரித்தாள். நல்ல சிரிப்பு, கபடமில்லாத சிரிப்பு. எங்களை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்று இரண்டு பேரிடமும் சொன்னாள். டாக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். ஹனூர்க்காரர் சட்டைப் பையில் கையை விட்டு விபூதியைத் தேடினார்.

கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை டாக்டர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். முழங்கால்கள் இடிக்கிற மாதிரி அவர் எதிரில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். வீட்டில் வேலை பாதியில் கிடக்கும்போது யாராவது கூப்பிட்டால் வந்து நிற்பார்களே, அப்படி இருந்தது.

"அண்ணா, இன்னும் ஒரே ஒரு தடவ சொல்லுங்க. காலையில என்கிட்டச் சொன்ன மாதிரி."

டாக்டர் மாட்டேன் என்று தலையசைத்தார். அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவள் காத்திருப்பாள் என்பது எங்களுக்குத் தெரியும். கடைசியில் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நெஞ்சில் வைத்து, அந்த மூச்சை விட்டார்.

"நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் சட்டென்று எழுந்து அவர் தோளைத் தொட்டாள். "ஐயையோ, எவ்வளவு நேரமாங்க? முன்னாடியே சொல்லக்கூடாதா? மார்க்கெட் கெடக்குது விடுங்க. செருப்பைப் போட்டுக்கோங்க, ஆட்டோ கூப்பிடறேன். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். எந்திரிங்க."

டாக்டர் எழுந்து நின்றார்.